தாழிக்குள் இருந்த உறவு

காரைக்குடிப் பக்கம் புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால், பெயரைக் கேட்பது மூன்றாவது கேள்விதான். முதல் கேள்வி, எந்த ஊரு. இரண்டாவது, யாரு வீடு. இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் பெயரை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தனமேரிக்கு மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் தெரியும். அதுவரைக்கும் பொறுமையாக நின்று பேசியவர்கள் அவள் வாழ்க்கையில் குறைவு.

அந்தப் பெயரும் அவளுக்கென்று யோசித்து வைத்ததில்லை. கன்னியர் மடத்து வாசலில் பழந்துணிக்குள் கிடந்த பிள்ளையைத் தூக்கிய சிஸ்டர், மடத்தில் சேருமுன் தனக்கு இருந்த வீட்டுப் பெயரை, இனி நமக்கு எதற்கு என்று பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். உடுத்திக் கழித்த சேலையைக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரிதான். ஆனாலும் நல்ல சேலை. கிழியாமல் இத்தனை வருஷம் உழைத்தது.

மடத்துப் பிள்ளைகளுக்கு அப்போது அமெரிக்காவிலிருந்து பால்மாவு மூட்டை மூட்டையாக வரும். காலையில் வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு தம்ளர் ஊற்றுவார்கள். மற்ற பிள்ளைகள் பால்மீசையோடு எழுந்து போகும். சந்தனமேரிக்கு வயிறு பொருமும், இழுத்துப் பிடிக்கும், பத்து மணிக்குள் கொல்லைக்கு ஓட வேண்டியிருக்கும். "ஓசிப் பாலு ஒத்துக்கலையாம்ல மகாராணிக்கு" என்று சமையற்காரம்மா எல்லோரும் கேட்கச் சொல்லுவாள். அனாதைப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் அதற்குக் கொழுப்பு என்று பெயர். வளர்ந்த பிறகு பாலை விட்டாள், வரக்காப்பியோடு நின்றுகொண்டாள். வெட்கம் மட்டும் போகவில்லை.

பத்தாவது முடித்ததும் மடத்துப் பள்ளிக்கூடத்திலேயே உயிரியல் ஆய்வகத்தில் வேலை கொடுத்தார்கள். சோதனைக் குழாய் கழுவுவது, ஃபார்மலின் மாற்றுவது, தவளையை மயக்கிப் பலகையில் ஊசி குத்தி வைப்பது. பின்கட்டில் ஓர் அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு மாதா படம். கல்யாணப் பேச்சும் ஒருமுறை வந்தது. மாப்பிள்ளைக்குப் பிடித்தது, மாப்பிள்ளையின் அம்மாவுக்குக்கூடப் பிடித்தது. தாம்பூலம் மாற்றப் போகிற நேரத்தில் அந்த அம்மா சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை எந்த ஆளுகன்னு தெரிஞ்சுக்கிட்டா நல்லது" என்று கேட்டாள். சிஸ்டருக்கே தெரியாது. வேதக்காரர்களாயிற்றே, சாதியெல்லாம் பார்க்கமாட்டார்களே என்று நினைக்கிறவர்கள் ஒரு கல்யாணப் பேச்சுக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாம்பூலத் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

வருஷத்தில் மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிடுவாள். கல்லறைத் திருநாளைத்தான் தள்ள முடியாது. நவம்பர் இரண்டாம் தேதி ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். அவரவர் அப்பா, அவரவர் அம்மாச்சி, அவரவர் பாலகன் என்று கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருப்பார்கள். அழுகையும் இருக்கும், ஊர்க்கதையும் இருக்கும். சந்தனமேரி சிஸ்டர்மார் கல்லறையைக் கழுவிவிட்டு, நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் ஒரு திரியை வைப்பாள். போக ஒரு கல்லறை இல்லாதவர்களுக்கு அந்த இடம். பெரும்பாலும் அங்கே அவள் மட்டும்தான் நிற்பாள்.

தொண்ணூற்று எட்டாம் வருஷம், கோடை லீவில், ரீனா வந்தாள். இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள், தவளையைக் கண்டு அழுது சந்தனமேரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டவள். இப்போது பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சத்தியமூர்த்தியிடம் ஆராய்ச்சி மாணவி. காளையார்கோவில் போகிற வழியில் பூமிநாதன் என்பவருடைய புஞ்சையில் சூளைக்கு மண் வெட்டியபோது பெரிய பெரிய பானை விளிம்புகள் தென்பட்டிருந்தன. முதுமக்கள் தாழி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலோ அதற்கும் மேலேயோ செத்தவர்களை உள்ளே வைத்துப் புதைத்த பானைகள்.

"லீவுல சும்மாதானே இருக்கீக அக்கா, எங்ககூட வாரீகளா?" என்றாள் ரீனா. "பொம்பளைக ரத்தம் குடுக்கப் பயப்படுவாக. நீங்க பேசுனா கேப்பாக."

அவர்களுக்கு இரண்டு வேலை. தாழிக்குள் இருப்பவர்களின் பல்லை எடுத்து, அதற்குள் மரபணு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. சுற்று வட்டாரத்து ஜனங்களிடம் கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதையும் இதையும் ஒத்துப் பார்ப்பது இன்னொன்று. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் தாத்தா பாட்டி வரைக்கும் ஊரும் வழியும் சொல்ல வேண்டும். சொல்லச் சொன்னால் போதும், நிறுத்துவதுதான் கஷ்டம். நெற்குப்பையிலிருந்து வந்த தேனம்மை ஆச்சி, "நாங்க பிள்ளையார்பட்டிக் கோவிலு, எங்க பங்காளிக இரணியூர்க் கோவிலு" என்று குலக்கோவிலிலிருந்து தொடங்கினார். ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து அழுத்தி முடித்த பிறகும் ஆச்சி பர்மாவுக்குக் கப்பல் ஏறிய தலைமுறையில்தான் நின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது பஞ்சு பிடித்திருந்த சந்தனமேரியைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளை ஆத்தா?" என்று கேட்டார்.

"நான் மடத்துப் பிள்ளைங்க ஆச்சி."

"அப்படியா" என்றார் ஆச்சி. குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அன்று மத்தியானம் புஞ்சையோரத்து வேப்பமரத்தடியில் டீ வந்தது. சந்தனமேரி வழக்கம்போலத் தனக்குக் கொண்டுவந்த வரக்காப்பியை ஊற்றிக்கொண்டாள்.

"இன்னுமா அக்கா உங்களுக்குப் பாலு ஒத்துக்கல?"

"இந்த ஒடம்பு அப்பிடித்தான். பாவப்பட்ட ஒடம்பு."

ரீனா சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? அதுதான் அக்கா பழைய ஒடம்பு. பால்குடி மறந்த பெறகு பாலைச் செரிக்காம இருக்கதுதான் மனுசனோட ஆதி வழக்கம். மாடு கண்டு வளக்க ஆரம்பிச்ச பெறகுதான் அங்கங்க சில கூட்டத்துல ஒரு மாத்தம் வந்து, பெரியாளானாலும் பாலு செரிக்கிற ஒடம்பு பெருகுச்சு. எல்லாம் இந்தச் சில ஆயிரம் வருசத்துலதான். மனுசன் என்னைக்கோ முழுசா ஆகி முடிஞ்சுட்டான்னு நெனைக்கிறோம்ல? இல்ல. நேத்து வரைக்கும் மாறிக்கிட்டேதான் வந்துருக்கான். அது எப்ப, எங்குட்டு இருந்து வந்துச்சுன்னு உசுரோட இருக்கவுக ரத்தம் மட்டும் சொல்லாது. செத்தவுகளையும் கேக்கணும். அதுக்குத்தான் இந்தப் பல்லு."

"அப்ப தாழிக்குள்ள இருக்காகளே, அவுகளுக்குப் பாலு ஒத்துக்கிட்டிருக்குமா?"

"அதைப் படிக்கிற வழி இன்னும் வரல. ஒரு நாளு வரும். ஒத்துக்காமக்கூட இருந்துருக்கலாம் அக்கா. உங்கள மாதிரி."

உங்கள மாதிரி. ரீனா டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சந்தனமேரி காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அப்பா மாதிரி மூக்கு, அத்தை மாதிரி நடை என்று ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லுகிறார்கள். அவளுடைய மூக்கு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. வயிறாவது யாரோ ஒருவருடையதாக இருக்கட்டுமே என்று ஆசை வந்தது, சிரித்தால் சிரியுங்கள்.

மூன்று மணிக்குமேல் ரீனா ஒரு தாழிக்குள் இருந்த தாடையிலிருந்து கடைவாய்ப்பல் ஒன்றை மெல்ல அசைத்து எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்தாள். இருவர் கையிலும் ரப்பர் உறை. ஐஸ் வாங்கி வரப் போனவரை இன்னும் காணோம் என்று ரோட்டுப் பக்கம் பார்க்கப் போகும்போது, "பாத்துக்கங்க அக்கா, கையால மட்டும் தொட்டுறாதீக" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சந்தனமேரி கையால் தொடவில்லை. கோவிலில் புனிதர்களின் எலும்புத் துண்டைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் கொண்டுவருவார்கள். அதையும் யாரும் கையால் தொடுவதில்லை. குனிந்து உதட்டால் முத்தி செய்வார்கள். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைக்கும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அவள் முத்தமிட்டதெல்லாம் மரத்தையும் சுதையையும் கண்ணாடியையும்தான். இப்போது எதிரே இருப்பது ஒரு மனுஷருடையது. பாலு ஒத்துக்காத மனுஷர். அவள் சிலுவை அடையாளம் போட்டு, தட்டின் மேல் குனிந்து, அந்தப் பல்லை முத்தி செய்தாள். மண் வாசம் அடித்தது. உதட்டில் ஒட்டிய தூசியைத் துடைக்கவும் மனம் வரவில்லை.

ரத்தம் எடுக்கிற முகாம் முடிகிற நாளன்று அவளும் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரீனாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"அக்கா, உங்களை எந்தக் கூட்டத்துல சேக்குறதுன்னு எனக்கு…"

"சேக்க வேணாம் தாயி. அந்தப் பல்லுக்குப் பக்கத்துல வச்சு மட்டும் பாரு. வேற ஒண்ணும் கேக்கல."

ரீனா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

அக்டோபர் கடைசி நாள், சனிக்கிழமை சாயங்காலம், அடைமழையில் ரீனா மறுபடி வந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை. "அக்கா, அந்தப் பல்லுல இருந்து வந்துருச்சு! அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வழிவழியா வர்ற ஒரு பாகம் இருக்கு. அதை எல்லாரோட ரத்தத்தோடயும் ஒத்துப் பாத்தேன். அப்பிடியே சேர்றது உங்களோடது மட்டுந்தான் அக்கா. ஒரு எழுத்து மாறல."

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா, அவுக அம்மா வழியும் உங்க அம்மா வழியும் ஒண்ணா இருக்கலாம். சாரு இன்னும் நம்பல. ரொம்பப் பொருத்தமா வந்தாலே அவருக்குச் சந்தேகம். திங்கக்கெழமை வந்து எல்லாரையும் விசாரிப்பாரு. நாம சுத்தமாத்தானே செஞ்சோம்?"

"சுத்தமாத்தான் செஞ்சோம்" என்றாள் சந்தனமேரி. மனதாரத்தான் சொன்னாள். ரீனாவின் மூன்று வருஷ உழைப்பு இந்த ஒரு பல்லில் நிற்கிறது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ரீனாவை யார் நினைத்தது? அம்மா வழி என்று ஒன்று தனக்கும் இருக்கிறது. வாசலில் கிடந்த துணிமூட்டைக்கு முன்னாலும் ஏதோ இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பூக்காரி பொன்னுத்தாயியிடம் மூன்று முழம் செவ்வந்தி கேட்டாள். வழக்கமாக அரை முழம் வாங்குகிறவள்.

"யாருக்குக்கா இம்புட்டு?"

"எங்க ஆளுகளுக்கு. காளையார்கோவில் பக்கம் இருக்காக."

"ஒங்களுக்கு ஆளுக இருக்காகளா? சொல்லவே இல்ல!"

"எனக்கே நேத்துத்தான் தெரியும்" என்றாள் சந்தனமேரி. சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி எங்கே போறீக என்று கேட்டதற்கு, சொந்தக்காரவுக வீட்டுக்கு என்று கூசாமல் சொன்னாள். எத்தனை வருஷம் அடுத்தவர்கள் சொல்லக் கேட்ட வார்த்தை.

புஞ்சையில் குழியெல்லாம் மழைத் தண்ணீர். மெழுகுவர்த்தி ஈரக்காற்றில் பற்றவில்லை. பூவை உதிர்த்துத் தண்ணீரில் விட்டாள். கூப்பிட வேண்டும் போலிருந்தது, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட ரீனா சொல்லவில்லை. அத்தே என்றாள். சித்தப்பா என்றாள். பெரியம்மா, மாமா, அண்ணே என்று தமிழில் இருக்கிற முறையெல்லாம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எல்லாமே வாய்க்குப் புதிதாக இருந்தன. கடைசியில் அம்மா என்று சொல்லி, அங்கேயே சேற்றில் உட்கார்ந்து, மனம்விட்டு அழுதாள். யாரும் பார்க்கவில்லை. பூமிநாதனின் ஆடு ஒன்று மட்டும் வந்து செவ்வந்தியை மோந்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை காலை பேராசிரியர் சத்தியமூர்த்தி வந்துவிட்டார். உயிரியல் ஆய்வகத்தில்தான் உட்கார்ந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். மண் வெட்டியவர், ஐஸ் வாங்கிவந்தவர், ரீனா, எல்லோரிடமும் ஒரே கேள்வி. பல்லைக் கையால் தொட்டீர்களா? யாரும் தொடவில்லை. சந்தனமேரியிடமும் கேட்டார்.

"கையால தொடல சார்."

அது பொய்யில்லை. அவர் தலையசைத்துவிட்டு, ஏன் கேட்கிறேன் என்பதையும் சொன்னார். அந்தக் காலத்துப் பல்லில் மிச்சமிருப்பது இற்றுப்போன தூசி மாதிரிதான். உயிரோடு இருக்கிற மனுஷருடையதோ அப்போது பறித்த கீரை மாதிரி. ஒரு சொட்டு வேர்வை, ஒரு தும்மல், இத்தனூண்டு எச்சில் மேலே பட்டால் போதும். பழசு மறைந்துபோய்ப் புதுசுதான் தெரியும். "கண்ணாடி மாதிரி அம்மா. பாக்குறவங்க முகமே வந்துடும்."

சந்தனமேரி கழுவிக்கொண்டிருந்த குழாயைக் கீழே வைத்தாள். கையால் தொடவில்லை என்பதோடு அவரே விட்டுவிட்டார். கேள்வி முடிந்துவிட்டது. ரீனா எதிரே நின்று, விடிந்துவிட்டது என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ரீனாவுக்கு அவள் படிப்பு, தனக்கு ஓர் அம்மா வழி. யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் ஒருவருக்கு இருந்தது. தாழிக்குள் இருந்தவருக்கு. அவரைப் பெற்றவள் ஒருத்தி இருந்திருப்பாள், அவருக்கென்று ஆட்கள் இருந்திருப்பார்கள், அழுது அரிசி போட்டுப் பானையில் வைத்திருப்பார்கள். அதையெல்லாம் அழித்துவிட்டு அந்த இடத்தில் தன்னைக் கொண்டுபோய் வைப்பதா? தான் யார் என்று தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

"சார்" என்றாள். "கையால தொடல. வாயால முத்தி செஞ்சேன்."

பேராசிரியருக்கு முதலில் விளங்கவில்லை. ரீனாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். "சும்மா இருந்துருக்கலாமே அக்கா" என்றாள். கோபம் இல்லை, அழுகைதான்.

"இருந்துருக்கலாம் தாயி. அந்த ஆளு யாருன்னு தெரியாமப் போயிருமே. என்னைய மாதிரி."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். சந்தனமேரிதான் கேட்டாள். "அப்ப அந்தப் பல்லுக்குள்ள இருந்து வந்தது…"

"உங்களோடதுதாம்மா."

"அவுக?"

"அவங்க கிடைக்கல."

"இம்புட்டு மெஷின வச்சுத் தேடியும், கடைசில நான் மட்டுந்தான் இருந்தேனா சார்?"

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பேராசிரியர், "அதே தாடையில இன்னொரு பல்லு இருக்கும்மா. நீங்க சொன்னதாலதான் அதைச் சரியாச் செய்ய முடியும். இந்தத் தடவை உள்ளுக்குள்ள குடைஞ்சு எடுப்போம். அவங்க கிடைச்சாலும் கிடைப்பாங்க. உங்க ரத்தம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு, மறுபடியும் ஒத்துப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

சந்தனமேரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் அருகே வந்தாள்.

"அவுகளைக் கண்டுபிடிங்க சார். நல்லாக் கண்டுபிடிங்க. என்னோடதோட மட்டும் ஒத்துப் பாக்காதீக."

"ஏம்மா?"

"நேத்து ஒரு நாளு எனக்கு ஆளுக இருந்தாக" என்றாள். "இல்லைன்னு இன்னொரு தடவை வந்து சொல்லாதீக."

பேராசிரியர் சரி என்றார். ரீனா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனமேரி கொஞ்ச நேரம் பிடிக்கவிட்டாள். அப்புறம், மறுநாள் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறை இருக்கிறது, குழாயெல்லாம் காயவைக்க வேண்டும் என்று சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு போனாள்.